பக்கச் சக்கரமில்லாமல் சைக்கிள் பழகும் பிள்ளைகள்: மலையகப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டத்து மைதானத்தில் பிள்ளைகளுக்குச் சைக்கிள் பழக்கும்போது, ஓரத்தில் நின்று பார்க்கும் பெற்றோர் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். சமவெளியில் வாழ்வோருக்காகச் சொல்லப்படும் ஆலோசனைகள் நம் பகுதிக்கு அப்படியே பொருந்துவதில்லை. அங்கே பிள்ளை மிதித்தால்தான் சைக்கிள் நகரும். இங்கே மிதிக்காமலே நகர்ந்துவிடும். ஆகவே நான் பின்பற்றும் ஒழுங்கும் வேறு: முதலில் நிறுத்துவது, அடுத்து மிதிக்காமல் உருண்டு செல்வது, கடைசியாக மிதிப்பது.

எங்க மகனுக்கு நாலரை வயசு. சைட் வீலைக் கழற்றலாமா, இன்னும் பொறுக்கணுமா?

நான்கு முதல் ஏழு வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகள் பழகிவிடுகிறார்கள். ஆனால் வயதைவிட உடலின் தயார்நிலையைப் பார்ப்பதே சரி. ஓடிக்கொண்டிருக்கும்போது "நில்" என்றால் தடுமாறாமல் நிற்கிறானா, சில வினாடிகள் ஒற்றைக் காலில் நிற்க முடிகிறதா, "அந்தக் கல் வரை போய்த் திரும்பி வா" என்பது போன்ற இரண்டு படிகள் கொண்ட சொல்லைக் கேட்டு நடக்கிறானா என்று கவனியுங்கள்.

இவற்றோடு மலையகத்தில் நான் கட்டாயமாகப் பார்ப்பது ஒன்று உண்டு. பிள்ளையின் விரல்கள் பிரேக் பிடியை எட்ட வேண்டும். எட்டினால் மட்டும் போதாது, சக்கரம் அசையாதபடி அழுத்தவும் வேண்டும். அந்தக் கைப்பலம் இல்லாத பிள்ளையை, எவ்வளவு துணிச்சல்காரனாக இருந்தாலும், சரிவில் ஏற்றக் கூடாது.

சைட் வீலோட வேகமா ஓட்டுறான். கழற்றின உடனே விழுறான். அது ஏன்?

பக்கச் சக்கரம் மிதிக்கக் கற்றுக்கொடுக்கிறது, சமநிலையைக் கற்றுக்கொடுப்பதில்லை. இரண்டு சக்கரத்தில் ஓடும் சைக்கிள் எந்நேரமும் இடமோ வலமோ சாய்ந்துகொண்டுதான் இருக்கிறது. சாயும் பக்கமாகவே ஹேண்டிலைச் சிறிது திருப்பினால், சக்கரங்கள் உடம்புக்கு நேர் கீழே வந்து சைக்கிள் நிமிர்ந்துவிடும். ஓட்டத் தெரிந்தவர்கள் இதை நினைக்காமலே செய்கிறோம். பக்கச் சக்கரம் பூட்டிய சைக்கிள் சாய்வதே இல்லையாதலால், பிள்ளைக்கு இந்தப் பழக்கம் உருவாக வழியில்லை. போதாக்குறைக்கு, வளைவில் வெளிப்பக்கமாகச் சாய்கிற பிழையான பழக்கமும் ஏற்பட்டுவிடுகிறது.

சுழலும் சக்கரத்தின் விசைதான் சைக்கிளை நிமிர்த்தி வைக்கிறது என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. 2011ஆம் ஆண்டு 'சயன்ஸ்' இதழில் வெளியான ஓர் ஆய்வில், அந்த விசை இல்லாதபடி செய்யப்பட்ட சைக்கிள்கூடத் தள்ளிவிட்டால் தானாக நிமிர்ந்து ஓடியது. விழும் பக்கமாக முன்சக்கரம் திரும்புவதே முக்கியம் என்பதை அது காட்டியது. பிள்ளை பழக வேண்டியதும் அதுவே.

ரெண்டையும் ஒரேயடியா எடுக்காம, ஒண்ணை மட்டும் கழற்றினா பயம் குறையாதா?

குறையாது. மிச்சமிருக்கும் சக்கரத்தின் பக்கமாகவே பிள்ளை சாய்ந்து உட்காரப் பழகும். மறுபக்கம் சாயும்போது தாங்க ஒன்றும் இராது. இரண்டையும் சற்று உயர்த்திப் பூட்டுவது அதைவிடப் பரவாயில்லை என்றாலும், மேடுபள்ளமான தோட்டப் பாதையில் உயர்த்திய சக்கரம் கல்லில் தட்டிச் சைக்கிளைத் திடீரென்று ஒரு பக்கம் தள்ளிவிடக்கூடும். இரண்டையும் ஒரே நாளில் கழற்றிவிடுங்கள்.

எங்க தோட்டத்துல உள்ளங்கை அளவு சமதரைகூட இல்லையே, எங்கே கொண்டுபோய்ப் பழக்குறது?

இது உண்மையான குறைதான். நுவரெலியாப் பட்டணம் 1,868 மீற்றர் உயரத்தில் இருந்தாலும் மேட்டுச் சமவெளியில் அமைந்திருப்பதால் அங்குள்ளவர்களுக்குக் கிறகரி வாவிக்கரைப் பக்கமாவது கிடைக்கும். பொகவந்தலாவையிலோ ஹப்புத்தளைச் சரிவிலோ லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில்) குடியிருப்பவருக்கு வாசலைத் தாண்டினால் ஒரு பக்கம் ஏற்றம், மறுபக்கம் தேயிலை மலை. இருந்தாலும் தேடிப் பார்த்தால் பிரட்டுக்களம் (தொழிலாளர் காலையில் வேலைக்குக் கூடும் இடம்), விளையாட்டு மைதானம், பாடசாலை மைதானம், கோயில் முன்றல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நடக்கும் தொலைவில் இருக்கும். தொழிற்சாலை முற்றம் நல்ல இடம். ஆனால் அனுமதி கேட்க வேண்டும், கொழுந்து லொறி வந்துபோகும் வேளையை அடியோடு தவிர்க்க வேண்டும். கொழுந்து நிறுக்கும் நேரத்தில் மடுவத்தைச் சுற்றியுள்ள இடமும் அப்படியே.

முற்றிலும் சமமான தரை வேண்டும் என்றில்லை என்பதே நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது. ஏறத்தாழ 30 மீற்றர் நீளத்தில் ஒரு மீற்றருக்கு மேல் இறங்காத மெல்லிய சரிவு, பழகுவதற்குச் சமதரையைவிட உதவியானது. பிள்ளை காலால் உந்தாமலே சைக்கிள் உருளும், அதன் முழுக் கவனமும் சமநிலையில் இருக்கும். சரிவு பொருத்தமானதா என்று அறியச் சைக்கிளை வெறுமனே பிடித்துக்கொண்டு கீழ்நோக்கி நடந்து பாருங்கள். நீங்கள் நடக்கும் வேகத்திலேயே அது உருண்டால் போதும். உங்களை இழுத்துக்கொண்டு போனால் அந்த இடம் வேண்டாம். சரிவின் அடிப்பகுதி சமமாகவோ சிறிது மேல்நோக்கியோ இருக்க வேண்டும். பிரேக் பிடிக்க மறந்தாலும் சைக்கிள் தானாக ஓய்ந்து நிற்க வேண்டும்.

அந்த ஓய்விடத்துக்கு அப்பால் கான் (வடிகால்), படிக்கட்டு, மண் சரிந்த விளிம்பு, முள்வேலி எதுவும் இருக்கலாகாது. இஸ்தோப்புக்கு (வீட்டு முன்விறாந்தைக்கு) முன்னாலுள்ள லயத்து வாசலைப் பலர் தேர்ந்தெடுக்கிறார்கள். அது எனக்கு உடன்பாடில்லை. இடம் ஒடுக்கமானது, முன்னால் கான் ஓடுகிறது, உடுப்புக் காயப்போடும் கொடி பிள்ளையின் கழுத்து உயரத்திலேயே தொங்குகிறது.

வளர்ற பிள்ளைதானே, கொஞ்சம் பெரிய சைக்கிளா வாங்கிட்டா பல வருஷத்துக்கு வருமே?

செலவு மிச்சம் என்பது விளங்குகிறது. ஆனால் பழகும் காலத்தில் பெரிய சைக்கிள் பெரிய தடை. சீட்டில் உட்கார்ந்த நிலையில் இரண்டு பாதங்களும் முழுமையாகத் தரையில் பதிய வேண்டும். நுனிக்கால் மட்டும் படுவது போதாது. பெரும்பாலும் நான்கு, ஐந்து வயதுக்கு 14 அல்லது 16 அங்குலச் சக்கரமும், ஆறிலிருந்து எட்டு வயது வரை 16 அல்லது 20 அங்குலச் சக்கரமும் பொருந்தும். இருந்தாலும் பிள்ளையைக் கடைக்குக் கூட்டிப்போய் ஏற்றி உட்கார வைத்துப் பார்ப்பதே நம்பகமான அளவு.

அண்ணன், அக்கா ஓட்டிய பழைய சைக்கிள் தாராளமாகப் போதும். வாங்கும்போது பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா, பிரேக் கம்பி துருப்பிடித்து இறுகியிருக்கிறதா, ஹேண்டில் தளர்ந்து தனியே திரும்புகிறதா என்று பாருங்கள். ஹேண்டில் நுனியில் இருக்கும் றப்பர் பிடி கிழிந்து இரும்புக்குழாய் வெளியே தெரிந்தால் உடனே மாற்றுங்கள். அது ஏன் முக்கியம் என்பதை அடிபடுவது பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

நாங்க எல்லாம் அப்பாவோட பெரிய சைக்கிள்ல, சட்டத்துக்கு நடுவுல காலை விட்டு மிதிச்சுத்தானே பழகினோம்?

பழகினோம், முழங்காலில் தழும்போடும் பழகினோம். வேறு சைக்கிள் இல்லாத காலத்தில் அது ஒரு கெட்டிக்காரத்தனம். ஆனால் அந்த நிலையில் உடம்பு ஒரு பக்கம் தொங்குவதால் இரு கைகளாலும் ஒரே அளவில் பிரேக் பிடிக்க முடியாது, அவசரத்தில் காலூன்றவும் இயலாது. சின்னச் சைக்கிள் கிடைக்கும் இடத்தில் அந்த வழியைத் திரும்பவும் எடுக்கக் காரணமில்லை.

பெடலையும் கழற்றச் சொல்றீங்களே, பெடல் இல்லாம என்னத்தைப் பழகுறது?

சமநிலையை. பெடல் இருந்தால் பிள்ளை காலை எங்கே வைப்பது என்றே யோசித்துக்கொண்டிருக்கும். தரையில் உந்தும்போது பெடல் கெண்டைக்காலில் இடிக்கவும் செய்யும். சைக்கிளின் வரலாறும் இதே வரிசையில்தான் போயிருக்கிறது. ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் திரைஸ் என்பவர் 1817இல் ஓட்டிக்காட்டிய இருசக்கர வண்டிக்குப் பெடல் கிடையாது. காலால் தரையை உந்தி உந்தி ஓட்டினார்கள். முன்சக்கரத்தில் பெடல் பூட்டிய வண்டிகள் பிரான்சில் பரவியது 1860களில்தான். பெரியவர்கள் பல பத்தாண்டுகள் பெடல் இல்லாமல் ஓட்டியிருக்கிறார்கள் என்றால், பிள்ளை சில நாட்கள் அப்படி ஓட்டுவதில் வியப்பில்லை.

கழற்றுவதற்கு ஒரு நுணுக்கம் இருக்கிறது. இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருக்கும். அதை வழக்கம்போல் இடஞ்சுழியாகத் திருப்பினால் மேலும் இறுகும். பெரும்பாலும் 15 மில்லிமீற்றர் ஸ்பேனர் பொருந்தும். ஸ்பேனரின் கைப்பிடி மேல்நோக்கி நிற்கும்படி மாட்டி, பின்சக்கரத்தின் பக்கமாகத் தள்ளினால் இரு பெடல்களும் கழலும். முன்சக்கரத்தின் பக்கமாகத் தள்ளினால் இரண்டும் இறுகும். திரும்பப் பூட்டுவதற்கு முன் மரையில் சிறிது கிறீஸ் தடவுங்கள், வலதையும் இடதையும் மாற்றிவிடாதீர்கள்.

ஒரே ஒரு விலக்கு: பின்னோக்கி மிதித்தால் பிரேக் விழும் வகைச் சைக்கிளில் கைப்பிரேக் இல்லாவிட்டால், பெடலைக் கழற்றியதும் பிரேக்கே இல்லாமல் போகும். அதைச் சரிவுக்குக் கொண்டுபோகக் கூடாது.

முன் பிரேக்கைப் பிடிச்சா குப்புற விழுவான்னு சொல்றாங்க. பின் பிரேக்கை மட்டும் பழக்கினா போதாதா?

போதாது. பிரேக் பிடிக்கும்போது உடம்பின் எடை முன்பக்கம் சாய்வதால், சைக்கிளை நிறுத்தும் வேலையின் பெரும்பங்கை முன்சக்கரமே செய்கிறது. இறக்கத்தில் பின் பிரேக்கை மட்டும் இறுக்கினால் பின்சக்கரம் சுழலாமல் வழுக்கிக்கொண்டே போகும். அதே நேரத்தில், முன் பிரேக்கை மட்டும் ஒரேயடியாகப் பிடித்தால் தூக்கி எறியப்படலாம் என்பதும் உண்மை. ஆகவே இரண்டையும் ஒன்றாக, முதலில் மென்மையாகவும் பிறகு அழுத்தமாகவும் பிடிக்கப் பழக்க வேண்டும். நம் நாட்டில் ஓடும் சைக்கிள்களில் வலக்கைப் பிடி பெரும்பாலும் முன் பிரேக்குக்கு உரியது. ஆனால் எல்லாவற்றிலும் அப்படியில்லை, பிடித்துப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

முதல் பாடம் ஏறாமலே நடக்கட்டும். பிள்ளை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும், நீங்கள் சொன்னவுடன் பிரேக் பிடித்து நிறுத்த வேண்டும். அடுத்து, சரிவில் காலூன்றி உருண்டு வந்து, தரையில் சாம்பலால் போட்ட கோட்டில் நிறுத்த வேண்டும். இதைப் பிள்ளைகள் விளையாட்டாகவே எடுத்துக்கொள்கிறார்கள். கோட்டில் நிற்கத் தெரியும் வரை காலைத் தூக்கி உருள விடாதீர்கள். பிடி தூரமாக இருந்தால், அநேகமான பிரேக் பிடிகளில் இருக்கும் சிறு திருகாணியை முறுக்கி ஹேண்டிலுக்கு அண்மையில் கொண்டுவரலாம்.

பின்னாலேயே சீட்டைப் பிடிச்சுக்கிட்டு ஓடணுமா? இடுப்பு ஒடியுது.

ஓட வேண்டியதில்லை. சீட்டையோ ஹேண்டிலையோ நீங்கள் பிடித்தால் சைக்கிளை நிமிர்த்துவது நீங்கள்தான். பிள்ளைக்கு அந்த உணர்வே போய்ச் சேராது. பெடல் கழற்றிய நிலையில் அதன் சொந்தக் கால்களே தாங்கும், ஆகவே பிடிக்கவே தேவையிராது. மிதிக்கத் தொடங்கும் நாளில் மட்டும் பிள்ளையின் தோளிலோ அக்குளுக்குக் கீழோ மெதுவாகக் கை வைத்து நடக்கலாம். ஒரு நீளமான துவாயை நெஞ்சைச் சுற்றி அக்குள் வழியாகக் கொண்டுவந்து முதுகுப் பக்கம் பிடித்துக்கொள்வது இடுப்பு வலிக்கு நல்லது. பிடித்திருப்பதாகப் பொய் சொல்லிவிட்டுக் கையை விடாதீர்கள். அது தெரிந்த பிள்ளை அடுத்த முறை முன்னால் பார்க்காமல் உங்களையே திரும்பித் திரும்பிப் பார்க்கும்.

பெடலை எப்போ மறுபடி மாட்டலாம்? மாட்டினா எப்படிப் புறப்படச் சொல்றது?

முன்பு சொன்ன மெல்லிய சரிவின் முழு நீளத்தையும் இரு கால்களையும் தூக்கிக்கொண்டு கடந்து, ஒரு சிறு வளைவும் எடுத்து, சொன்ன இடத்தில் நிறுத்த முடிந்தால் மாட்டலாம். அதற்கு முன் அவசரப்படுவதில் பயனில்லை.

புறப்படும்போது ஒரு பெடல் முன்பக்கமாகச் சற்று உயர்ந்து நிற்க வேண்டும். அந்தப் பெடலில் பலமான கால், மற்றக் கால் தரையில், இரண்டு பிரேக்கும் பிடித்த நிலை. பிரேக்கை விட்டு, உயர்ந்த பெடலை அழுத்தமாக ஒருமுறை மிதித்தால் மற்றக் காலுக்குப் பெடலைத் தேடிக்கொள்ள நேரம் கிடைக்கும். இதற்கும் மெல்லிய சரிவே உதவி. சில நாட்களில் பிடிபட்ட பிறகு சீட்டைச் சிறிது உயர்த்துங்கள். தாழ்ந்த சீட்டில் நெடுநேரம் மிதித்தால் முழங்கால் வலிக்கும்.

ஹேண்டில் தறிகெட்டு ஆடுது. மெதுவாப் போன்னா இன்னும் மோசமா ஆடுது!

மெதுவாகப் போவதுதான் காரணம். சைக்கிள் சாயும் பக்கம் திருப்பி நிமிர்த்துவதைப் பற்றி மேலே சொன்னேன் அல்லவா? வேகம் குறையக் குறைய அதே அளவு நிமிர்த்துவதற்கு ஹேண்டிலை அதிகமாகத் திருப்ப வேண்டியிருக்கிறது. மெல்லோட்டமாக ஓடும் ஒருவரின் வேகம் வந்தால் ஆட்டம் தானாகக் குறையும். "மெதுவா, மெதுவா" என்று கத்துவதற்குப் பதிலாக "இன்னும் ரெண்டு மிதி" என்று சொல்லிப் பாருங்கள். வேகம் வந்த பிறகும் ஒரே பக்கமாக இழுத்தால் குறை பிள்ளையிடம் இல்லை. ஹேண்டில் முன்சக்கரத்துக்கு நேராகப் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கானைப் பார்த்ததும் நேரா அதுக்குள்ளேயே போய் விழுறா. வேணும்னே செய்யறாளா?

இல்லை. கண் எங்கே பார்க்கிறதோ அங்கேதான் கை திரும்பும். பயந்த பொருளையே பார்ப்பது மனித இயல்பு. பெரியவர்களுக்கும் இது நேர்கிறது. "கான், கான்!" என்று எச்சரிக்கும் ஒவ்வொரு முறையும் அவளது கண்ணை நீங்களே அங்கே அனுப்புகிறீர்கள். அவள் போக வேண்டிய இடத்தில் நீங்கள் போய் நின்று "என்னைப் பார்த்து வா" என்று கூப்பிடுங்கள். முன்சக்கரத்தையே குனிந்து பார்த்து ஓட்டும் பிள்ளைக்கும் இதுவே மருந்து.

எனக்கே சைக்கிள் ஓட்டத் தெரியாது. நான் எப்படிப் பழக்குறது?

இந்தக் கேள்வியைத் தாய்மார் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். தயங்க ஒன்றுமில்லை. ஏற்றமும் படிக்கட்டுமாக இருக்கும் ஊரில் சைக்கிள் பழகாமல் வளர்ந்தவர்கள் ஏராளம். இங்கே சொல்லியுள்ள முறையில் பெரியவர் ஓட்டிக்காட்ட வேண்டிய கட்டமே இல்லை. இடத்தைத் தேர்வது, பிரேக்கைச் சோதிப்பது, கோடு போடுவது, எதிரே நின்று கூப்பிடுவது ஆகியவைதாம் உங்கள் வேலை. ஓட்டத் தெரிந்த அப்பாமாரைவிடத் தெரியாத அம்மாமார் பொறுமையாகப் பழக்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எத்தனை நாள்ல பழகிடுவான்? பக்கத்து வீட்டுப் பையன் ஒரே நாள்ல ஓட்டிட்டான்.

பக்கத்து வீட்டுப் பையன் அதற்கு முன் எவ்வளவு நாள் பிறருடைய சைக்கிளில் காலூன்றி உருண்டான் என்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். சில பிள்ளைகளுக்கு ஒரு வார இறுதி போதும், சிலருக்கு ஒரு தவணை விடுமுறை முழுவதும் வேண்டும். ஒரு நாளைக்கு 20, 30 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். களைத்த பிள்ளை பிழைகளைத்தான் பழகும்.

ஒருமுறை விழுந்ததுல பயந்துட்டான். இப்போ சைக்கிளைத் தொடவே மாட்டேங்கிறான்.

வற்புறுத்த வேண்டாம். சைக்கிளை இஸ்தோப்பில் கண்ணில் படும்படி வைத்துவிட்டுச் சில நாட்கள் பேசாதிருங்கள். பிறகு பெடலைக் கழற்றி, சீட்டை இன்னும் தாழ்த்தி, பிரேக் பாடத்திலிருந்து தொடங்குங்கள். பயத்தின் வேர் பெரும்பாலும் விழுந்ததில் இல்லை, நிறுத்த முடியாமல் போனதில்தான் இருக்கிறது. தன் கையால் நிறுத்த முடியும் என்று தெரிந்த பிள்ளை தானே ஏறும். மற்றப் பிள்ளைகளின் முன்னால் கேலி செய்வது, "தங்கச்சியே ஓட்டுறா பார்" என்பது எல்லாம் வேலைக்கு ஆகாது.

"பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு சைக்கிள்"னு அம்மாயி தடுக்கிறாங்க. என்ன சொல்லுறது?

அம்மாயியை மைதானத்துக்குக் கூட்டி வந்து நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். சமநிலையும் பிரேக்கும் ஆண் பெண் பார்ப்பதில்லை. நீளமான பாவாடை, தொங்கும் துப்பட்டா ஆகியவை செயினிலும் சக்கரக் கம்பியிலும் சிக்கும் என்பதால் காற்சட்டை அணிவித்தால் போதும். பையன்களின் தளர்ந்த காற்சட்டைக் காலுக்கும், அவிழ்ந்த சப்பாத்து நாடாவுக்கும் இதே விதிதான்.

எப்பப் பார்த்தாலும் மழையும் மிஸ்ட்டும். எந்த மாசத்துல ஆரம்பிக்கலாம்?

நீங்கள் மலையின் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா போன்ற மேற்குப் பக்கத்தில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அங்கே ஜனவரியிலிருந்து மார்ச் வரையே நல்ல காலம். பதுளை, பண்டாரவளை, வெலிமடை ஆகிய ஊவாப் பக்கத்தில் நிலைமை தலைகீழ்: டிசெம்பரையொட்டி வடகீழ்ப் பருவமழை, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வறட்சி. ஆகஸ்ட் விடுமுறை ஊவாப் பிள்ளைகளுக்கு வாய்ப்பானது. அங்கே காற்று பலமாக வீசும் பிற்பகலை மட்டும் தவிர்த்தால் சரி. ஏப்ரலில் எல்லா இடத்திலும் பின்னேரத்தில் இடிமழை வரும், காலையில் பழகலாம். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியலில் சில நாட்களில் புல்லில் உறைபனி படியும், வெயில் ஏறட்டும்.

மழை விட்டதும் இறங்குவதாயின், ஈரமான சக்கர வளையத்தில் பிரேக் உடனே பிடிக்காது என்பதை மறக்க வேண்டாம். பழைய சைக்கிள்களின் பளபளக்கும் இரும்பு வளையம் ஈரத்தில் மிகவும் மோசம். உருளத் தொடங்கியதும் பிரேக்கை இரண்டு மூன்று முறை மெல்ல அழுத்தித் தண்ணீரைத் துடைத்துவிடப் பழக்குங்கள்.

ஹெல்மெட் கட்டாயமா? அப்பாவோட மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைப் போட்டா என்ன?

ஹெல்மெட் அணிவிக்க வேண்டும் என்பதே என் முடிவு, மைதானத்துப் புல்லிலும்கூட. ஆனால் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் வேண்டாம். அது சிறு கழுத்துக்குக் கனம், தலையில் பொருந்தாமல் சுழலும், காதை மூடுவதால் நீங்கள் கூப்பிடுவதும் கேட்காது. சைக்கிள் ஹெல்மெட்டின் முன்விளிம்பு புருவத்துக்கு மேலே இரண்டு விரல் அகலத்தில் இருக்க வேண்டும். வார்கள் காதுக்குக் கீழே ஒன்றுசேர வேண்டும். தாடைக்கும் வாருக்கும் இடையே ஒன்றிரண்டு விரல் மட்டும் நுழைய வேண்டும். பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, வெடிப்பு வெளியே தெரியாவிட்டாலும், மாற்றிவிடுங்கள். உள்ளேயிருக்கும் நுரை ஒருமுறை நசுங்கினால் மறுபடி அதிர்ச்சியைத் தாங்காது.

விழுந்து அடிபட்டா எப்போ வைத்தியசாலைக்குக் கொண்டுபோகணும்?

சிராய்ப்பை ஓடும் தண்ணீரிலும் சவர்க்காரத்திலும் நன்றாகக் கழுவி, மண்ணையும் சரளையையும் அகற்றினால் பெரும்பாலும் போதும். ஏற்புத் (டெட்டனஸ்) தடுப்பூசி ஒழுங்காகப் போடப்பட்டிருக்கிறதா என்று பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் பாருங்கள். சந்தேகமிருந்தால் தோட்ட மருந்தகத்தில் கேளுங்கள். கையை ஊன்றி விழுந்த பிள்ளையின் மணிக்கட்டு வீங்கினாலோ, கோணலாகத் தெரிந்தாலோ, அசைக்க மறுத்தாலோ எண்ணெய் போட்டு உருவாமல் எக்ஸ்ரே எடுக்கக் கொண்டுபோங்கள்.

தலையில் அடிபட்ட பின் நினைவு தப்பினாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, வலிப்பு வந்தாலோ, மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிந்தாலோ காத்திருக்கக் கூடாது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஹேண்டில் நுனி வயிற்றில் குத்திய பிள்ளையையும் இதே கவனத்தோடு பாருங்கள்: வெளியே சிறு தடம் மட்டுமே தெரிந்தாலும் உள்ளே மண்ணீரலோ கணையமோ காயப்பட்டிருக்கலாம். றப்பர் பிடியை மாற்றச் சொன்னது இதனால்தான்.

பத்து வயசாச்சு, இன்னும் தெரியாது. சின்னப் பிள்ளைகளோட சேர்ந்து பழக வெட்கப்படுறான்.

ஆளில்லாத காலை நேரத்தில் கூட்டிப்போங்கள். பெரிய பிள்ளைக்குச் சொன்னது விளங்கும், கைப்பலமும் இருக்கிறது. ஆகவே விரைவாகவே பழகுவான். பெடலைக் கழற்றுவதை மட்டும் கௌரவக் குறைவாக நினைப்பான். காரணத்தை எடுத்துச் சொல்லுங்கள், திரைஸின் கதையையும் சேர்த்து.

மைதானத்துல நல்லா ஓட்டுறான். தோட்டத்து ரோட்டு இறக்கத்துல எப்போ விடலாம்?

மற்ற எல்லாக் கேள்விகளையும்விட இதற்குத்தான் நிதானமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். பிரேக் பிடிக்காமல் உருளும் சைக்கிள், உராய்வைக் கணக்கில் எடுக்காவிட்டால், செங்குத்தாக ஒரு மீற்றர் இறங்குவதற்குள் மணிக்கு 16 கிலோமீற்றர் வேகத்தை எட்டிவிடும். ஐந்து மீற்றர் இறங்கினால் 35 கிலோமீற்றர். ஐந்து மீற்றர் என்பது ஒன்றரை மாடி உயரத்துக்கு மேல் இல்லை. நம் தோட்டப் பாதையில் இரண்டு முடக்குக்கு (பாதை வளைவுக்கு) இடையிலேயே அதைவிட அதிகம் இறங்குகிறோம். வேகம் இரட்டித்தால், நிறுத்தத் தேவையான தூரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும்.

ஆகவே இறக்கத்தில் வேகம் ஏறிய பிறகு குறைப்பது பிழையான முறை. ஏறவே விடாமல் ஆரம்பத்திலிருந்தே இரண்டு பிரேக்கையும் மெல்லப் பிடித்து வருவதுதான் முறை. முடக்குக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், முடக்குக்குள் போய் இறுக்கக் கூடாது. பெடல்கள் இரண்டும் ஒரே மட்டத்தில், உடம்பு சீட்டில் சற்றுப் பின்தள்ளி இருக்கட்டும். சின்ன விரல்கள் சீக்கிரம் சோர்ந்துவிடும், இடையிடையே நின்று கையை உதறிவிட்டுப் போகச் சொல்லுங்கள். சரளையும் உடைந்த தாரும் ஈர இலையும் உள்ள இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு வருவதில் அவமானம் ஒன்றுமில்லை.

முதலில் இறக்கத்தின் அடியிலிருந்து சில மீற்றர் மட்டும் மேலே போய் அங்கிருந்து வரட்டும். அதில் தடுமாறாமல் வந்து நிறுத்தினால், நாளுக்கு நாள் புறப்படும் இடத்தை மேலே நகர்த்தலாம். உச்சியிலிருந்து தொடங்கி "பிரேக்கைப் பிடி" என்று பின்னாலிருந்து கத்துவது எந்த வகையிலும் பயிற்சியாகாது.

ஏத்தத்துல மிதிக்க முடியாம நின்னுடுறான், சைக்கிள் பின்னால உருளுது.

கியர் இல்லாத சின்னச் சைக்கிளில் நம் ஏற்றங்களைப் பெரியவர்களாலும் மிதிக்க முடியாது. நிற்கப்போவது தெரிந்ததும் இரு பிரேக்கையும் பிடித்து, மலைச்சுவர் இருக்கும் பக்கமாகக் காலூன்றி இறங்க வேண்டும். பள்ளத்துப் பக்கமாக ஒருபோதும் இறங்கக் கூடாது. ஏற்றத்தின் நடுவில் மறுபடி ஏறிப் புறப்பட முயல்வதைவிட, அடுத்த சமமான இடம் வரை தள்ளிக்கொண்டு போவது மேல்.

இனி பாடசாலைக்குச் சைக்கிள்ல அனுப்பலாமா?

ஓட்டத் தெரிவது வேறு, வீதியில் போகத் தெரிவது வேறு. எதிரே வரும் வாகனத்தின் வேகத்தையும் தூரத்தையும் சிறு பிள்ளைகளால் சரியாக மதிப்பிட முடிவதில்லை. பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளையைத் தனியே வாகன வீதிக்கு அனுப்புவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. அவிசாவளையிலிருந்து ஹட்டன், தலவாக்கலை வழியாக நுவரெலியா செல்லும் ஏ 7, நுவரெலியா வழியாகப் பதுளைக்குச் செல்லும் ஏ 5 போன்ற வீதிகளில், முடக்குகளில் பஸ்கள் வீதியின் நடுவுக்கு வந்து திரும்புகின்றன, மிஸ்ட் இறங்கினால் சிறிது தூரத்துக்கு அப்பால் எதுவும் தெரிவதில்லை. அங்கே பத்து வயதும் போதாது.

தோட்டத்து உட்பாதையில் போவதானால்கூட இடப்பக்கமாகவே செல்வது, பின்னால் திரும்பிப் பார்த்தும் நேராக ஓட்டுவது, ஒரு கையால் சைகை காட்டுவது ஆகிய மூன்றும் கைவந்திருக்க வேண்டும். முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் பூட்டி, சில வாரங்களாவது நீங்களும் கூடவே போய் வாருங்கள்.

தம்பியைப் பின்னால ஏத்திக்கிட்டு வரலாமான்னு கேக்குறான்.

இப்போது வேண்டாம். பின்னால் ஓர் ஆள் ஏறியதும் சைக்கிளின் சமநிலை மாறுகிறது, முன்சக்கரத்தில் எடை குறைந்து ஹேண்டில் இலேசாகிவிடுகிறது, இறக்கத்தில் அதே பிரேக் ஏறத்தாழ இரட்டிப்பு எடையை நிறுத்த வேண்டியதாகிறது. தொங்கும் சிறு பாதம் சக்கரக் கம்பிக்குள் சிக்கினால் காயம் கடுமையாக இருக்கும். தம்பிக்கும் ஆசையென்றால், அண்ணன் ஓட்டி முடித்த பிறகு அதே சைக்கிளின் சீட்டைத் தாழ்த்தி, பெடலைக் கழற்றிக் கொடுங்கள்.